இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பது?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 67 வயது. நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்தவர், பத்து வருடமாக நெஞ்சு நோய். நியூமோனியா வந்து ஐ.சி.யு.வில் விட்டு இன்றைக்கு 38 நாள். தொண்டையில் ஓட்டை போட்டு ரியூப் வைத்திருக்கிறார்கள். பகலில் நாலு மணித்தியாலம் மூச்சு மெஷின் (வென்ரிலேற்றர்) இல்லாமல் இருக்கிறார், இரவில் மெஷின் வேண்டும். இப்போது விடுதிக்கு (வாட்டுக்கு) மாற்றப் போகிறார்களாம், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோக ஆயத்தப்படுத்தச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கிற அண்ணா, 'அவங்கள் கைவிடப் பார்க்கிறாங்கள், ஐ.சி.யு.வை விட்டு வெளியில் விடாதே' என்கிறார். வீடு கரவெட்டியில். நான் என்ன செய்ய? அம்மா ஒன்றுதான் கேட்கிறார்: அவர் திரும்பக் கதைப்பாரா?"

தங்கச்சி, முதலில் அண்ணாவின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். நான் 26 வருடம் தாதியாக இருந்தவள், அதில் 17 வருடம் வடக்கில் ஐ.சி.யு.வில். கட்டிலுக்குத் தட்டுப்பாடு இருப்பது உண்மை. உங்கள் அப்பாவின் கட்டிலுக்காக வெளியே ஒருவருக்கு அம்பு பாக்கால், அதாவது கையால் அமத்துகிற காற்றுப் பையால், காற்று அமத்திக்கொண்டு நிற்கக்கூடும். அதை மறைத்துக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

ஐ.சி.யு. உயிரைப் பிடித்து வைக்கிற இடம். அந்த அலுவல் முடிந்த பிறகு அங்கே கிடக்கிற ஒவ்வொரு கிழமையும் வேறு வழியில் ஆளைக் குறைக்கும். பகலும் இரவும் ஒரே வெளிச்சம். நாலு பக்கமும் மணிச்சத்தம். நல்ல தெளிவாக இருந்த ஆட்கள் பத்தாம் நாள் சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார்கள். பக்கத்துக் கட்டிலின் கிருமி இந்தக் கட்டிலுக்கு வரும். மூச்சை இழுக்கிற உதரவிதானமும் ஒரு தசைதான், வேலை கொடுக்காவிட்டால் மெலியும். 2008இல் வந்த ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணித்தியாலம் முழுமூச்சும் மெஷினில் இருந்தவர்களின் உதரவிதானத் தசைநார்கள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. மூன்று நாளுக்குள் அவ்வளவு. 38 நாளில் அப்பா பகலில் நாலு மணித்தியாலம் தானாக மூச்சு விடுகிறார் என்றால், அங்கே யாரோ அவரோடு மினக்கெட்டு வேலை செய்திருக்கிறார்கள். கைவிட நினைக்கிற ஆட்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

ஆகவே மாற்றம் பிழை இல்லை. ஆனால் என்ன ஆயத்தத்தோடு மாற்றுகிறார்கள் என்பதை நீங்கள் வடிவாகப் பார்க்க வேண்டும். "வெள்ளிக்கிழமை பின்னேரம் மாற்றுகிறோம்" என்று சொன்னால் மட்டும் திங்களுக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். சனி ஞாயிறில் ஆள் பலம் குறைவு, கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது. நான் பார்த்த மோசமான மாற்றங்கள் அனேகமாக வெள்ளிக்கிழமையில் நடந்தவை.

ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல், தொடர்ந்து 21 நாளாவது மெஷின் தேவைப்பட்டால் அதை நீண்டகால வென்ரிலேற்றர் தேவை என்று கணக்கெடுப்பது 2005இல் அமெரிக்க நிபுணர்கள் கூடி வைத்த வரையறை. அப்பா அதைத் தாண்டிவிட்டார். அமெரிக்காவில் இப்படியானவர்களைச் சராசரி 25 நாளுக்கு மேல் வைத்துப் பராமரிக்கிற தனி வைத்தியசாலை வகையே உண்டு. அண்ணா மனதில் வைத்திருப்பது அந்த மாதிரி ஓர் இடமாக இருக்கலாம். எங்களுக்கு நீண்டகாலப் பராமரிப்பு என்றால் நடைமுறையில் மருத்துவ விடுதி, ஊருக்குக் கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலை, பிறகு வீடு. கரவெட்டி என்றால் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்ட. இந்த வகை நோயாளியை அங்கே இடையில் சில நாள் வைத்திருக்க இடமும் வசதியும் இருக்குமா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அவசரம் வந்தால் அந்த வாசலுக்குத்தான் முதலில் ஓடப் போகிறீர்கள். அங்கே அப்பாவைத் தெரிந்த ஒரு டொக்டர் இருப்பது பெரிய பலம்.

சரி, அப்பா வெளியே வர ஆயத்தமா என்று எப்படி அறிவது? இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மருந்து ஏறக்கூடாது. காய்ச்சல் விட்டிருக்க வேண்டும். ஒக்சிசன் 40 வீதத்துக்கு மேல் தேவைப்படக்கூடாது. தொண்டை ரியூப் ஒரு தரமாவது சிக்கல் இல்லாமல் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அதாவது ஓட்டை நன்றாக ஆறி வழி பிடித்திருக்க வேண்டும். மெஷினின் அளவுகளைச் சில நாளாக யாரும் கூட்டிக் குறைக்காமல் இருந்திருக்க வேண்டும். இதெல்லாம் டொக்டர்மாருக்குத் தெரியும், நீங்கள் கேட்டாலே சொல்வார்கள்.

அவர்களுக்கும் தவறிப் போகிற ஒன்று மெஷின் மாற்றம். ஐ.சி.யு.வில் இருக்கிற பெரிய வென்ரிலேற்றர் சுவரில் இருந்து வரும் அழுத்தக் காற்றிலும் ஒக்சிசனிலும் ஓடுவது. வீட்டு மெஷின் சின்னது, அறைக் காற்றைத் தானே உறிஞ்சித் தள்ளும். இரண்டும் ஒரே அளவில் வைத்தாலும் நோயாளிக்கு ஒரே மாதிரி இருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிற அதே மெஷினை ஐ.சி.யு.வில் இருக்கும்போதே அப்பாவுக்குப் பூட்டி, குறைந்தது மூன்று இரவு பார்க்க வேண்டும். காலையில் இரத்த வாயுப் பரிசோதனை செய்து கரியமில வாயு ஏறவில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். இதற்கு மட்டும் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள்.

இந்த இடத்தில் அண்ணா "நான் இங்கே இருந்து மெஷின் அனுப்புகிறேன்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். கனடாவில் கரன்ட் 120 வோல்ற், எங்களுக்கு 230. வென்ரிலேற்றர்கள் பல இரண்டிலும் ஓடும், ஆனால் சளி உறிஞ்சுகிற சக்ஷன் மெஷினும், அறைக் காற்றில் இருந்து ஒக்சிசனைப் பிரித்துத் தருகிற கொன்சன்ரேற்றரும் அங்கத்தைய கரன்ட்டுக்கு மட்டும் செய்தவையாக இருக்கக்கூடும். குத்திய உடனே எரிந்துபோகும். பழுதானால் திருத்த ஆளும், மாற்றக் குழாயும் வடிகட்டியும் கொழும்பிலாவது கிடைக்கிற மெஷினை இங்கேயே வாங்குவதற்கு அவர் காசு அனுப்பட்டும்.

இனி இரவுக் கதை. வலிகாமத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், நரம்பு நோயால் மூச்சுத் தசைகள் விட்டுப்போனவர், தொண்டை ரியூபோடும் மெஷினோடும் 14 மாதம் வீட்டில் இருந்தார். ஓய்வு நாட்களில் நான் போய்ப் பார்ப்பேன். அந்த வீட்டில் வசதி பெரிதாக ஒன்றும் இல்லை. தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணி, அதில் சிவப்பு ரிபனில் கட்டிய அம்பு பாக். கட்டில் காலில் ரோர்ச். நாட்கலண்டரின் கிழித்த தாளுக்குப் பின்பக்கம் பெரிய எழுத்தில் பெயர்கள்: பத்தில் இருந்து இரண்டு வரை மூத்த மருமகள், இரண்டில் இருந்து ஆறு வரை மகன். பக்கத்து வீட்டுப் பெடியன் செவ்வாயும் வியாழனும். விழித்திருப்பவர் ஒரு கதிரையில் இருப்பார், பாயில் படுக்க அனுமதி இல்லை என்று ரீச்சரே கண்ணால் சட்டம் போட்டவர். 14 மாதத்தில் இரண்டு தரம் சளி அடைத்தது, இரண்டும் விடியப்புறம். இரண்டு தரமும் கதிரையில் ஆள் இருந்தபடியால் நாலு நிமிடத்துக்குள் சரி.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறொரு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில் இருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். மெஷின் இருந்தது, மருந்து இருந்தது, மூன்று பக்கத் துண்டும் இருந்தது. தொண்டை ரியூபுக்குள் இன்னொரு மெல்லிய உள்குழாய் இருக்கிறது, அடைத்தால் அதை ஒரு திருப்புத் திருப்பிக் கழற்றலாம் என்று மகனுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. சனி இரவு அடைத்தது. மகன் சக்ஷன் கதீற்றரை, அதாவது சளி உறிஞ்சுகிற மெல்லிய குழாயை, திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்திருக்கிறான். உள்குழாயைக் கழற்றியிருந்தால் மூச்சு வந்திருக்கும். பிறகு நான் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் வீட்டில் குறைந்தது இரண்டு பேர், மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது, வைத்தியசாலையை விட்டு வர முதல் கையால் செய்து பழக வேண்டும். பார்த்துப் பழகுவது காணாது. தாதி பக்கத்தில் நிற்க நீங்கள் சக்ஷன் செய்ய வேண்டும், ஒரு தரமல்ல, பகலிலும் இரவிலுமாக இருபது தரம். கையைக் கழுவி, கையுறை போட்டு, கதீற்றரை உள்ளே விடும்போது உறிஞ்சுகிற துளையைத் திறந்து வைத்திருங்கள். வெளியே எடுக்கும்போது மட்டும் பெருவிரலால் மூடி, மெல்லத் திருப்பித் திருப்பி எடுங்கள். உள்ளே போய் வெளியே வர 10 விநாடி, மிஞ்சினால் 15. அந்த நேரம் நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டும்போது அவருக்கும் முட்டுகிறது. புதிதாக வருகிற தாதிமாருக்கும் நான் அப்படித்தான் பழக்கினேன். சளி மஞ்சளாக, பச்சையாக, நாற்றத்தோடு வந்தால் அதே நாள் டொக்டருக்கு அறிவிக்க வேண்டும்.

உள்குழாயைக் கழற்றிக் கழுவுவது, ரியூபைச் சுற்றி உள்ளே காற்று ஒழுகாமல் அடைத்திருக்கிற பலூனின் அழுத்தத்தை 20இல் இருந்து 30 சென்ரிமீற்றர் நீர் அளவுக்குள் வைத்திருப்பது, கழுத்து நாடா மாற்றுவது, ரியூப் கழன்று விழுந்தால் என்ன செய்வது, எல்லாம் கைப்பழக்கம். அதே அளவில் ஒரு ரியூபும், ஓர் அளவு சிறிதாக இன்னொன்றும் எப்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும். துண்டில் எழுதித் தந்தால் காணாது, பொருளாகக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கரன்ட் பற்றி யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வருடக்கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்த ஊர், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வெட்டினதும் நினைவிருக்கும். மெஷினுக்குள் இருக்கிற பற்றரி சில மணித்தியாலம் நிற்கும். அதற்கு மேல் இன்வேற்றரும், பிறகு ஜெனரேற்றரும் வேண்டும். இன்வேற்றரில் வென்ரிலேற்றரும் சக்ஷனும் மட்டும். குளிர்சாதனப் பெட்டியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். கொன்சன்ரேற்றர் சின்னது என்றாலும் 300, 350 வாற் இழுக்கும், அதை இன்வேற்றரில் போட்டால் பற்றரி கெதியாக இறங்கிவிடும். கரன்ட் போன நேரத்துக்கு ஒக்சிசன் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் பாருங்கள்: 1,400 லீற்றர் உள்ள சிலிண்டரை நிமிடத்துக்கு 2 லீற்றரில் விட்டால் 700 நிமிடம். பன்னிரண்டு மணித்தியாலம்கூட இல்லை. எல்லாம் கைவிட்டாலும் அம்பு பாக் இருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மெஷின் காணாமல், மருத்துவ மாணவர்கள் ஆள் மாறி ஆள், நாட்கணக்காகத் தொண்டை ரியூபுக்குள் கையால் காற்று அமத்தித்தான் நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். இன்றைய ஐ.சி.யு.வே அங்கே இருந்து வளர்ந்ததுதான். உங்களால் ஒரு மணித்தியாலம் அமத்த முடியும். பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் நோய்க்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. விரலில் மாட்டுகிற ஒக்சிசன் மீற்றரில் 90 என்று காட்டும். அண்ணா வட்ஸ்அப்பில் அதைப் பார்த்துப் பதறி "ஒக்சிசனைக் கூட்டு" என்பார். கூட்டாதேங்கோ. நாட்பட்ட சுருட்டு நெஞ்சு உள்ளவர்களுக்கு இலக்கு 88இல் இருந்து 92. அதற்கு மேல் ஏற்றினால் உடம்பில் கரியமில வாயு தேங்கும், ஆள் அமைதியாகத் தூங்குவதுபோல் இருக்கும், தட்டி எழுப்பினால் எழும்பமாட்டார். எண் வடிவாக இருக்கும்போதே ஆள் மயங்கிப் போவதை நான் கண்டிருக்கிறேன். 88–92 என்று ஒரு மட்டையில் எழுதி மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அண்ணாவுக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

சாப்பாடு: பேச்சு விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சரி சொல்லும்வரை வாயால் ஒன்றும் வேண்டாம். பார்க்க வருகிற மாமிமார் "இரண்டு கரண்டி கஞ்சி என்ன செய்யும்" என்பார்கள். அது சுவாசப்பைக்குள் போகும். அவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து கரவெட்டிக்கு வரும் பயணம் அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் சொந்தக்காரரின் வானில் வேண்டாம். வைத்தியசாலை அம்புலன்ஸில், பயிற்சி பெற்ற ஒருவர் கூட வர, சக்ஷனும் அம்பு பாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வர வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அவசரத்துக்கானது, ஒழுங்கு செய்த பயணத்துக்கு அதைக் கூப்பிட முடியாது. ஆனால் வீட்டில் ஏதும் நடந்தால் முதலில் அழைப்பது அதைத்தான், ஆகவே வீட்டுக்கு வழி சொல்லும் அடையாளத்தை எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லப் பழகுங்கள். நெடுந்தீவு மாதிரி குறிகட்டுவானில் படகு ஏறிப் போகிற இடம் என்றால் நானே வீட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. 2009இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் இப்படி நீண்டகாலம் மெஷினில் இருந்த 126 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். குடும்பங்களில் நூற்றுக்கு 93 பேர் நோயாளி பிழைத்திருப்பார் என்று உறுதியாக நம்பினார்கள். வருடம் முடிய உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 56. பெரிய இயலாமை இல்லாமல் தன் அலுவலைத் தானே பார்க்கக்கூடியவர்களாக இருந்தவர்கள் நூற்றுக்கு 9. இது பல நோய்கள் கலந்த கணக்கு. நரம்பைத் தற்காலிகமாகத் தாக்குகிற கிலன்பாரே போன்ற நோயிலோ, பாம்புக்கடியிலோ, பூச்சிமருந்து நஞ்சிலோ கதை வேறு, அவர்கள் பொறுத்திருந்தால் அனேகமாக மெஷினை விட்டு எழும்புவார்கள். அப்பாவின் சுவாசப்பை பழையபடி ஆகாது. ஆனால் நாலு மணித்தியாலத்தை ஆறாக, எட்டாகக் கூட்டலாம். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரித்தான் இது, நாளுக்கு நாள் கொஞ்சம். தொண்டை ரியூபில் ஈரக்காற்று மாஸ்க் மட்டும் வைத்து மெஷினைக் கழற்றிப் பழக்குகிற முறை, மெஷின் உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கிற முறையைவிடக் கெதியாகப் பலன் தந்தது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது: முதல் முறையில் நடுத்தரமாக 15 நாள், மற்றதில் 19 நாள். அதே முறையைத்தான் அப்பாவுக்குச் செய்கிறார்கள் போல. விடுதிக்குப் போன பிறகும் அது நிற்காமல் நடக்க ஓர் ஆளைப் பொறுப்பாகப் பெயர் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். இப்படியானவர்களில் சிலருக்கு ரியூபை எடுத்து, இரவில் முகத்தில் மாஸ்க் போட்டு மட்டும் மெஷின் கொடுக்கிற நிலை வரும். அதை நோக்கிப் போகலாமா என்று நிபுணரிடம் நேரே கேளுங்கள்.

கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: திரும்ப நியூமோனியா வந்தால் திரும்ப ஐ.சி.யு.வா? இதை இப்போது கதைக்காவிட்டால், ஒரு நள்ளிரவில் அழுதுகொண்டு கதைக்க வேண்டி வரும். உங்கள் கடிதத்தில் அண்ணா என்ன சொல்கிறார், அம்மா என்ன கேட்கிறார், டொக்டர் என்ன சொல்கிறார் எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்று இல்லை. அவர் பகலில் நாலு மணித்தியாலம் மெஷின் இல்லாமல் இருக்கிறார். ஒரு மட்டையில் அ, ஆ எழுதிக் கொண்டுபோங்கள், விரலால் காட்டட்டும். ஆம் என்றால் கண்ணை ஒரு தரம் மூடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போவோமா என்று அவரைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கதைக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். காற்று இப்போது குரல்நாணுக்குப் போகாமல் கீழேயே ரியூபால் வெளியேறுகிறது, அதனால்தான் சத்தம் இல்லை. பலூனை முழுக்க இறக்கி, ரியூபின் வாயில் ஒரு சின்ன ஒருவழி வால்வைப் பூட்டினால், உள்ளே போன மூச்சு மேல்வழியாக, குரல்நாணைத் தொட்டு வெளியே வரும். அந்த வால்வை வடிவமைத்தவர் டேவிட் மியூயர், தானே தசைத் தேய்வு நோயால் வென்ரிலேற்றரில் இருந்த இளைஞர். பலூன் இறக்காமல் அதைப் பூட்டினால் மூச்சை வெளியே விட வழியே இல்லாமல் போகும். ஆகவே வைத்தியசாலையில், தெரிந்தவர்தான் பூட்ட வேண்டும். சுவாசப்பை நோய்க்காரருக்கு மூச்சை வெளிவிடுவதே கஷ்டம், அதனால் அப்பாவுக்குப் பொருந்துமா என்று பார்த்துத்தான் செய்வார்கள். பொருந்தினால் முதல் நாள் ஐந்து நிமிடம். பெரும்பாலும் முதலில் இருமுவார், பயந்து பார்ப்பார், பிறகு கரகரத்து ஏதோ வரும். அன்றைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், தலைமாட்டில், அவர் வாய்க்குக் கிட்டக் காது இருக்கிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். கதவடியில் நின்றால் கேட்காது.